வாசகர் கேள்வி – பதில்: டெர்மினலும் எடிட்டரும் ஒரே நிறத்தில்

டெர்மினல், எடிட்டர் இரண்டுக்கும் பொருந்தும் வண்ணத் தீம்களை ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்ன எண்கள் அடுத்த பதிலிலும் வருவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அலாக்ரிட்டி டெர்மினலும் விம் எடிட்டரும் பயன்படுத்துகிறேன். ஒன்றில் நிறத்தை மாற்றினால் மற்றதிலும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து உருவாக்க முடியுமா? எங்கே தொடங்குவது?
— வாசகர், ஈரோடு

முடியும். நூறு வரிக்குள் அடங்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். மூன்று வகைக் கோப்புகள் வேண்டும். நிறங்களை மட்டும் வைத்திருக்கும் பட்டியல் கோப்பு ஒன்று. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வார்ப்புரு, அதாவது நிறம் வர வேண்டிய இடங்களில் பெயர் மட்டும் இருக்கும் மாதிரிக் கோப்பு. ஸ்கிரிப்ட் எழுதித் தரும் இறுதிக் கோப்புகள். இறுதிக் கோப்புகளைக் கையால் தொடவே கூடாது. அவற்றின் முதல் வரியில் "இது தானாக உருவானது, திருத்த வேண்டாம்" என்று வார்ப்புருவிலேயே எழுதிவிடுங்கள். அவசரத்தில் அங்கே போய்த் திருத்தினால் அடுத்த முறை ஸ்கிரிப்டை ஓட்டும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும்.

பட்டியலை எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். டெர்மினலில் 0 முதல் 15 வரை பதினாறு இடங்கள் உண்டு. 0 கறுப்பு, 1 சிவப்பு, 2 பச்சை, 3 மஞ்சள், 4 நீலம், 5 மெஜந்தா, 6 சயான், 7 வெள்ளை. 8 முதல் 15 வரை இவற்றின் பளிச்சிடும் வடிவங்கள். எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையில் இல்லை. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், நீக்கிய வரியை 1-இலும் சேர்த்த வரியை 2-இலும் காட்டும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கோப்புறைகளைத் தடித்த 4-இல் காட்டும். ஆகவே 1-இல் சிவப்பும் 2-இல் பச்சையும் இருந்தே ஆக வேண்டும். எடிட்டரின் கதை வேறு. அதற்கு "குறிப்புரை", "சரம்", "செயற்கூறு", "தேர்ந்தெடுத்த பகுதி" என்று வேலைவாரியாக நிறம் வேண்டும். எனவே பட்டியலில் இரண்டு பகுதி வையுங்கள். முதல் பகுதியில் நிறங்கள்: பின்னணிக்கு மூன்று நான்கு அளவுகள், எழுத்துக்கு மூன்று அளவுகள், ஏழு வண்ணங்கள். இரண்டாம் பகுதியில் வேலைகள்: சரம் என்றால் பச்சை, செயற்கூறு என்றால் நீலம். வேலைப் பகுதியில் எண்களே வரக்கூடாது, பெயர்கள் மட்டும். அப்போது பச்சையை ஓரிடத்தில் மாற்றினால் கிட்டின் பச்சையும் எடிட்டரின் சரமும் சேர்ந்தே மாறும்.

புதிதாக யோசிக்க வேண்டாம் என்றால் கிறிஸ் கெம்ப்சன் வகுத்த பேஸ்16 அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எட்டு சாம்பல் அளவுகளும் எட்டு வண்ணங்களும் கொண்டது. ஆனால் பேஸ்16-இன் பதினாறும் டெர்மினலின் பதினாறும் ஒரே வரிசை அல்ல. பேஸ்16-இல் எட்டாம் எண் சிவப்பு. அது டெர்மினலின் 1-க்குப் போக வேண்டும். பேஸ்16-இன் மூன்றாம் எண்ணான குறிப்புரைச் சாம்பல்தான் டெர்மினலின் 8-க்குப் போகும். வரிசையாக நகலெடுத்தால் சாம்பல் வர வேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்பு வரும்.

வார்ப்புருவுக்குப் பைத்தானின் ஸ்ட்ரிங் நூலகத்தில் உள்ள டெம்ப்ளேட் வகுப்பே போதும். ஃபார்மட் முறையைத் தவிர்த்துவிடுங்கள். ஜேசன், லுவா கோப்புகளில் உள்ள நெளிவு அடைப்புகளை அது தன்னுடையவை என்று எடுத்துக்கொண்டு பிழை தரும். டெம்ப்ளேட்டில் டாலர் குறி மாறியைக் குறிப்பதால், ஷெல் வார்ப்புருவில் உண்மையான டாலர் வேண்டிய இடத்தில் இரண்டு டாலர் இடுங்கள். நிரப்பும்போது சப்ஸ்டிட்யூட்டைப் பயன்படுத்துங்கள்; சேஃப்-சப்ஸ்டிட்யூட் வேண்டாம். முன்னது, பெயர் ஒன்று விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்று பிழை சொல்லும். பின்னது நிரப்பாத பெயரை அப்படியே கோப்பில் விட்டுவிடும். டெர்மினல் அந்த வரியை நிராகரித்த பிறகே உங்களுக்குத் தெரியவரும்.

பட்டியலை டாம்ல் வடிவில் எழுதினால் பைத்தான் 3.11 முதல் உடன்வரும் டாம்ல்-லிப் நூலகம் படித்துவிடும். கோப்பை பைனரி முறையில் திறக்க வேண்டும், இல்லையென்றால் பிழை வரும். நிறத்தை ஸ்கிரிப்டுக்குள் மூன்று முழு எண்களாகவே வைத்திருங்கள். எழுதும் நேரத்தில் அந்தந்த மென்பொருள் கேட்கும் வடிவுக்கு மாற்றுங்கள். அலாக்ரிட்டிக்கு மேற்கோள் குறிக்குள் ஹெக்ஸ் குறியீடு (# போட்டு எழுதும் ஆறு இலக்க நிறக் குறியீடு) வேண்டும், ஏனென்றால் டாம்லில் வெறும் # வந்தால் அதற்குப் பிந்தையதெல்லாம் குறிப்புரை ஆகிவிடும். விம்முக்கு மேற்கோள் கூடாது. மேக்கில் ஓடும் ஐடெர்ம்2 டெர்மினலுக்கு 0 முதல் 1 வரையான தசம எண்கள். ஹெக்ஸாக மாற்றும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் கட்டாயம் இரண்டு இலக்கம் வர வேண்டும். 16-க்குக் குறைந்த எண் ஒற்றை இலக்கமாகப் போனால் ஆறு இலக்கக் குறியீடு ஐந்தாகச் சுருங்கும். இருண்ட பின்னணி நிறங்களில்தான் இது அடிக்கடி நடக்கும்.

விம் வார்ப்புருவில் வரிசை முக்கியம். முதலில் பின்னணி இருண்டதா வெளிறியதா என்ற அமைப்பு, பிறகு பழைய நிறங்களை அழிக்கும் ஹைலைட் கிளியர், பிறகு தீமின் பெயர், அதன் பிறகு சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறம் தரும் நார்மல் குழு, கடைசியில் மற்றவை. நார்மலுக்கு நிறம் கொடுத்ததும் விம் தானாகப் பின்னணி அமைப்பை மாற்றக்கூடும். அதைச் சார்ந்த குழுக்களும் மாறும். நார்மலைக் கடைசியில் வைத்தால் முன்னே எழுதியவை கலைந்துவிடும். விம்முக்குள் திறக்கும் டெர்மினலுக்குத் தனியாகப் பதினாறு நிறப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். விம்மில் அது ஒரே பட்டியல். விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மில் பதினாறு தனித்தனி மாறிகள்.

நிறங்களை எச்எஸ்எல் முறையில் (சாயல், செறிவு, ஒளிர்வு என்ற மூன்று எண்கள்), எல்லாவற்றுக்கும் ஒரே ஒளிர்வு வைத்து ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்கினேன். மஞ்சள் கண்ணைக் கூசுகிறது, நீலம் படிக்கவே முடியவில்லை. கணக்கில் என்ன தவறு?
— வாசகி, திருச்சி

கணக்கில் தவறில்லை, நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோலில் இருக்கிறது. எச்எஸ்எல்லின் ஒளிர்வு என்பது சிவப்பு, பச்சை, நீல எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் நடுவில் உள்ள எண், அவ்வளவுதான். கண்ணுக்கு அந்த மூன்றும் சமமல்ல. வெப் அணுகல்தன்மை விதிகளில் வரும் ஒளி அளவுச் சூத்திரம் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை தருகிறது. தூய மஞ்சளும் தூய நீலமும் எச்எஸ்எல்லில் ஒரே 50 விழுக்காடு ஒளிர்வுதான். ஆனால் கறுப்புப் பின்னணியில் மஞ்சளின் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம்) 19.6, நீலத்துக்கு 2.4. சாதாரண எழுத்துக்கு அந்த விதிகள் கேட்கும் குறைந்தபட்சம் 4.5. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலின் பழைய இயல்பு நீலத்தில் கோப்புறைப் பெயர்களைப் படிக்கக் கண்கள் திணறுவதும் இதே காரணத்தால்தான்.

பியோர்ன் ஒட்டோசன் 2020-இல் வெளியிட்ட ஓகேலேப் முறைக்கு மாறுங்கள். அதன் வட்ட வடிவமான ஓகே-எல்சிஎச்சில் ஒரு நிறத்துக்கு ஒளிர்வு, செறிவு, சாயல் கோணம் என்று மூன்று எண்கள். இதில் ஒளிர்வு சமம் என்றால் கண்ணுக்கும் ஏறத்தாழ சமமாகவே தெரியும். மாற்றும் கணக்கு சிறியது. கோணத்தையும் செறிவையும் இரண்டு அச்சு எண்களாக்கி, ஓர் அணிப் பெருக்கல் செய்து, மூன்று விடைகளையும் கனமாக்கி (மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி), மறுபடி ஓர் அணிப் பெருக்கல் செய்தால் நேர்கோட்டு ஒளி எண்கள் வரும். அவற்றின்மேல், சாதாரணத் திரைகளின் நிறவெளியான எஸ்ஆர்ஜிபியின் காமா திருத்தம் போட்டு 255-ஆல் பெருக்க வேண்டும். காமாவை விட்டுவிட்டால் எல்லா நிறமும் இருண்டு போகும். இதில்தான் பலர் தடுக்குகிறார்கள்.

சாம்பல் நிறங்களுக்கு ஒரு வசதி உண்டு. செறிவு 0 என்றால் ஒளிர்வின் கனமே ஒளி அளவு. கான்ட்ராஸ்டைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு ஒளி அளவுகளோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். இருண்ட தீமுக்கு எங்கள் பரிந்துரை: பின்னணி ஒளிர்வு 0.22, எழுத்து 0.85. எஸ்ஆர்ஜிபியில் பின்னணிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 27, எழுத்துக்கு மூன்றும் 206. கான்ட்ராஸ்ட் ஏறத்தாழ 10.9. குறிப்புரைக்கு 0.60 வைத்தால் 4.4 வந்து விதிக்குச் சற்றே கீழே நிற்கும்; 0.62 வைத்தால் 4.75. குறிப்புரையை மங்கலாக வைப்பது பல தீம்களின் வழக்கம். அது சரியல்ல என்பது எங்கள் கருத்து. அடுத்தவர் எழுதிய நிரலில் முதலில் படிக்க வேண்டியதே குறிப்புரைதான்.

வண்ணங்களுக்கு ஒளிர்வு 0.75, செறிவு 0.11 வைத்துத் தொடங்குங்கள். கோணம் 25-இல் சிவப்பு 236, 146, 139 என வரும். 95-இல் மஞ்சள் 196, 173, 87. 145-இல் பச்சை 128, 193, 130. 195-இல் சயான் 67, 195, 195. 255-இல் நீலம் 126, 177, 243. 325-இல் மெஜந்தா 209, 149, 212. மேலே சொன்ன பின்னணியில் சிவப்பின் கான்ட்ராஸ்ட் 7.4, நீலம் 7.8, பச்சை 8.1. மூன்றும் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் இதே எண்களைத் தந்தால் கணக்கு சரி என்று பொருள்; ஒன்று கூடக் குறைய வந்தால் அது முழு எண்ணாக்கும் வேறுபாடுதான்.

செறிவைக் கூட்ட ஆசை வரும். அதற்கு எல்லை உண்டு. சயானுக்கு அதே ஒளிர்வில் செறிவை 0.13 ஆக்கினால் சிவப்பு எண் சுழிக்குக் கீழே போய்விடுகிறது. சாதாரணத் திரையால் அந்த நிறத்தைக் காட்ட முடியாது. ஸ்கிரிப்ட் இதைக் கவனிக்காவிட்டால் காமாக் கணக்கில் பிழை வரும், அல்லது ஹெக்ஸ் குறியீட்டில் கழித்தல் குறி வரும். சுழிக்கு வெட்டிவிடுவது எளிதுதான், ஆனால் சாயலும் ஒளிர்வும் நகர்ந்துவிடும். எண்கள் 0-க்கும் 1-க்கும் இடையில் வரும்வரை செறிவை 0.005, 0.005 ஆகக் குறைத்துக்கொண்டே போகும் ஒரு சுழல் எழுதுங்கள். ஒளிர்வையும் கோணத்தையும் தொடாதீர்கள்.

எடிட்டரைத் தனியாகத் திறந்தால் நிறம் சரியாக இருக்கிறது. டீமக்ஸுக்குள் திறந்தால் மாறிவிடுகிறது; சில நேரம் கறுப்பு வெள்ளையாகவே வருகிறது. ஏன்?
— வாசகர், யாழ்ப்பாணம்

டீமக்ஸ் என்பது ஒரே டெர்மினலில் பல சன்னல்களைத் தரும் மென்பொருள்; டெர்மினலுக்கும் எடிட்டருக்கும் நடுவில் நிற்கும். நிறம் மாறுகிறது என்றால், சிவப்பு, பச்சை, நீல எண்களாக எடிட்டர் அனுப்பும் முழு நிறக் கட்டளையை அது பக்கத்தில் உள்ள 256 நிறங்களுள் ஒன்றாக மாற்றி அனுப்புகிறது. அந்த 256-இல் 16 முதல் 231 வரை ஒரு நிறக் கனசதுரம். ஒவ்வோர் அச்சிலும் 0, 95, 135, 175, 215, 255 என்ற ஆறு படிகள் மட்டும். 232 முதல் 255 வரை 24 சாம்பல்கள். இருண்ட பின்னணிக்குக் கொடுத்த மெல்லிய நீலச் சாயல் 0-க்கும் 95-க்கும் இடையில் மாட்டிக்கொண்டு வெறும் சாம்பலாகிவிடும்.

தீர்வு: டீமக்ஸ் அமைப்புக் கோப்பில் இயல்பு டெர்மினலை "டீமக்ஸ்-256கலர்" என்று வையுங்கள். 3.2 பதிப்பு முதல் டெர்மினல்-ஃபீச்சர்ஸ் என்ற அமைப்பில் உங்கள் வெளி டெர்மினலின் பெயரோடு ஆர்ஜிபி என்று சேர்க்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் டெர்மினல்-ஓவர்ரைட்ஸ் அமைப்பில் டிசி என்று சேர்க்க வேண்டும். பிறகு டீமக்ஸை முழுவதும் நிறுத்தித் தொடங்குங்கள். அமைப்பை மறுபடி படிக்கச் சொன்னால் மட்டும் போதாது. ஏற்கெனவே இணைந்திருக்கும் டெர்மினலுக்கு அது பொருந்தாது.

கறுப்பு வெள்ளையாக வருவது விம் பக்கத்துச் சிக்கல். டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியின் மதிப்பு எக்ஸ்டெர்ம் எனத் தொடங்கினால்தான் பல விம் பதிப்புகள் முழு நிறக் கட்டளைகளைத் தாமே அமைத்துக்கொள்ளும். டீமக்ஸுக்குள் அந்த மதிப்பு வேறாகிவிடுவதால், எழுத்துக்கு ஒன்றும் பின்னணிக்கு ஒன்றுமாக டி-8எஃப், டி-8பி என்ற இரண்டு அமைப்புகளை நீங்களே எழுத வேண்டும். நியோவிம்முக்கு இது தேவையில்லை, 0.10 பதிப்பு முதல் டெர்மினலின் திறனை அதுவே கேட்டு அறிந்துகொள்கிறது.

தொலைவிலுள்ள சர்வர்களில் அதிகம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எடிட்டரில் முழு நிறத்தையே அணைத்துவிட்டு, தீமை 0 முதல் 15 வரையான எண்களில் மட்டும் எழுதுங்கள். அப்போது எடிட்டர் டெர்மினலின் நிறங்களையே கடன் வாங்கும். எஸ்எஸ்எச் வழியாகப் போனாலும் பொருத்தம் கெடாது, உருவாக்க வேண்டிய கோப்பும் ஒன்றுதான். நடப்பு வரிக்கும் தேர்ந்த பகுதிக்கும் மெல்லிய பின்னணி அளவுகள் கிடைக்காது என்பதுதான் இழப்பு. 16 முதல் 21 வரையான இடங்களை மாற்றி எழுதி அதைச் சமாளிக்கும் ஸ்கிரிப்டுகள் உண்டு. அந்த இடங்கள் கனசதுரத்தின் தொடக்கம். 16-ஐத் தூய கறுப்பு என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் தவறாகத் தெரியும். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் இசட்ஷெல்லில் தட்டச்சு செய்யும்போது வரும் தானியங்கிப் பரிந்துரை சோலரைஸ்டு தீமில் கண்ணுக்கே தெரிவதில்லை. என் ஸ்கிரிப்டில் பளிச்சிடும் எட்டு இடங்களுக்கு என்ன கொடுப்பது?
— வாசகர், கோவை

அந்தப் பரிந்துரைச் செருகுநிரல் இயல்பாக 8-ஆம் நிறத்தில் எழுதும். ஈத்தன் ஷூனோவர் 2011-இல் வெளியிட்ட சோலரைஸ்டில், இருண்ட வகையின் 8-ஆம் இடம் பின்னணி நிறமேதான்: 0, 43, 54. பின்னணியின் மேல் பின்னணி நிறத்தில் எழுதினால் எப்படித் தெரியும்? அந்தத் தீம் பளிச்சிடும் இடங்களில் பெரும்பாலானவற்றைச் சாம்பல் அளவுகளுக்கு ஒதுக்கியிருப்பதால், பளிச்சிடும் பச்சையைக் கேட்கும் மென்பொருளுக்கும் சாம்பலே கிடைக்கும். ஒளிர்வு உறவுகளை அளந்து கட்டிய அழகான தீம் அது. இந்த ஒதுக்கீடு மட்டும் மற்ற மென்பொருள்களின் எதிர்பார்ப்போடு மோதுகிறது.

உங்கள் ஸ்கிரிப்டில் 8-க்குக் குறிப்புரைச் சாம்பலைக் கொடுங்கள்: ஒளிர்வு 0.62. 9 முதல் 14 வரை அதே கோணங்களில் ஒளிர்வை 0.08 கூட்டி 0.83 ஆக்குங்கள். செறிவு எல்லையை மீறினால் முன் சொன்ன சுழல் பார்த்துக்கொள்ளும். 15-க்கு 0.95. சில டெர்மினல்கள் தடித்த எழுத்தைப் பளிச்சிடும் நிறத்துக்கு மாற்றும், சில மாற்றாது. அலாக்ரிட்டியில் அது அணைந்தே வரும். இரண்டு நிலையிலும் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைசியில் ஸ்கிரிப்டே 1 முதல் 15 வரையான ஒவ்வொன்றையும் பின்னணியோடு ஒப்பிட்டு, கான்ட்ராஸ்ட் 4.5-க்குக் கீழே போனால் கோப்பு எழுதாமல் நிற்கட்டும். அந்தச் சோதனைக்கு ஐந்தாறு வரிதான் ஆகும்.

அதே எண்களைத்தான் கொடுத்தேன். மேக்கில் ஐடெர்ம்2 ஒரு நிறமும் எடிட்டர் வேறு நிறமும் காட்டுகிறது. விஎஸ் கோடு எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலோ மூன்றாவது நிறம்!
— வாசகி, சிங்கப்பூர்

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். ஐடெர்ம்2-இன் நிறக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு "கலர் ஸ்பேஸ்" என்ற புலமும் உண்டு. அதில் எஸ்ஆர்ஜிபி என்று எழுதாமல் விட்டால் அந்த எண்களை வேறு நிறவெளியில் உள்ளவையாக எடுத்துக்கொள்ளும். வார்ப்புருவில் பதினாறு நிறத்துக்கும் எழுத்து, பின்னணி, கர்சருக்கும் அந்தப் புலத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும். அதோடு அமைப்புகளில் "மினிமம் கான்ட்ராஸ்ட்" சுழியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விஎஸ் கோடு டெர்மினலில் குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் விகிதம் என்ற அமைப்பு இயல்பாகவே 4.5-இல் இருக்கும். அதற்குக் கீழே உள்ள எழுத்து நிறங்களை அது தானாக மாற்றிக் காட்டும். 1 என்று வைத்தால் தொடாது. ஆனால் அப்படி அணைக்க வேண்டி வருகிறதென்றால் உங்கள் நிறங்களில் சில மங்கல் என்று பொருள்; முதலில் பட்டியலைச் சரிசெய்யுங்கள். விஎஸ் கோடின் அமைப்புக் கோப்பில் ஸ்கிரிப்ட் மூலம் எழுதுவதையும் தவிர்க்கலாம். அதில் குறிப்புரைகள் இருக்கக்கூடும், பைத்தானின் ஜேசன் நூலகம் அவற்றைக் கண்டால் பிழை தரும். நீட்சிகள் கோப்புறைக்குள் ஒரு சிறு தீம் நீட்சியையே உருவாக்கிவிடுங்கள். விவரக் கோப்பு ஒன்று, தீம் கோப்பு ஒன்று, அவ்வளவுதான்.

விண்டோஸ் டெர்மினலுக்கும் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே ஐந்தாம் நிறத்தின் பெயர் மெஜந்தா அல்ல, பர்ப்பிள். வார்ப்புருவில் பெயரை மாற்றாவிட்டால் அந்த நிறம் மட்டும் வந்து சேராது.

இதே பட்டியலிலிருந்து பகலுக்கு வெளிறிய தீமும் வேண்டும். எண்களைத் தலைகீழாக்கினால் போதுமா?
— வாசகர், மதுரை

255-இலிருந்து கழித்தால் சிவப்பு சயானாகிவிடும். கோணத்தைத் தொடாமல் ஒளிர்வை மட்டும் மாற்றுங்கள். பின்னணி 0.97, அதாவது மூன்றும் 245, எழுத்து 0.35, மூன்றும் 58, கான்ட்ராஸ்ட் 10.4. வண்ணங்களுக்கும் குறிப்புரைக்கும் 0.54. அதை 0.55 ஆக்கினால் சாம்பலின் கான்ட்ராஸ்ட் 4.45 ஆகி விதிக்குக் கீழே இறங்கும். மஞ்சள் இங்கே 131, 109, 3 என்று பழுப்பு கலந்த நிறமாகத் தெரியும். அதை மஞ்சளாகவே காட்ட முயலாதீர்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்தைப் படிக்க வழியில்லை. சயானின் செறிவு 0.11-இல் எல்லை மீறும், 0.09 பொருந்தும்.

யோசித்து முடிவெடுக்க வேண்டியவை 0-உம் 7-உம். வெளிறிய தீமில் 0 கறுப்பாகவே இருக்கட்டுமா, பின்னணியான வெளிறிய நிறமாக மாறட்டுமா? டீமக்ஸின் இயல்பு நிலைப்பட்டையைப் பாருங்கள்: 2-ஆம் நிறத்தின் மேல் 0-ஆம் நிற எழுத்து. 0 இருண்டிருந்தால் இருண்ட பச்சையின் மேல் கான்ட்ராஸ்ட் சுமார் 2.2 தான். 0 வெளிறியிருந்தால் 4.6 சுற்றி வரும். ஆகவே 0-க்குப் பின்னணியும் 7-க்கு எழுத்து நிறமும் கொடுங்கள். 4-இன் மேல் 7-இல் எழுதும் மிட்நைட் கமாண்டர் (டெர்மினலில் ஓடும் கோப்பு மேலாளர்) போன்றவை அப்போது அடிபடும். உண்மையில் அவை இருண்ட தீமிலும் அடிபடுகின்றன, அங்கே மேற்சொன்ன நீலத்தின் மேல் 206 சாம்பலுக்குக் கிடைப்பது 1.4 மட்டுமே. அத்தகைய மென்பொருளுக்கு அதற்கென்றே தனி ஸ்கின் கொடுப்பதே வழி. அதற்கும் ஒரு வார்ப்புரு எழுதிவிடலாம்.

ஸ்கிரிப்டை ஓட்டியதும் ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னல்களும் மாற வேண்டும். மூடித் திறக்காமல் முடியுமா?
— வாசகர், சென்னை

அலாக்ரிட்டி தன் அமைப்புக் கோப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மாறியதும் தானே படிக்கும். அது பாதி எழுதிய கோப்பைப் படித்துவிடாமல் இருக்க, ஸ்கிரிப்ட் அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு பெயர் மாற்றட்டும். கிட்டி என்ற டெர்மினலுக்கு (கிட் வேறு) யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் அமைப்பை மறுபடி படிக்கும்.

மற்ற பல டெர்மினல்களுக்குப் பொதுவான வழி ஓஎஸ்சி கட்டளைகள், அதாவது டெர்மினலுக்கு எழுத்துகளோடு எழுத்தாக அனுப்பும் சிறப்புக் குறிகள். எஸ்கேப் எழுத்து, வலது சதுர அடைப்பு, பிறகு 4, அரைப்புள்ளி, நிற எண், அரைப்புள்ளி, நிறம், கடைசியில் முடிப்புக் குறி. 10 எழுத்து நிறத்துக்கு, 11 பின்னணிக்கு, 12 கர்சருக்கு. பழைய நிலைக்குத் திரும்ப 104, 110, 111, 112. லினக்ஸில் திறந்திருக்கும் ஒவ்வொரு டெர்மினலுக்கும் டெவ் கோப்புறைக்குள் பிடிஎஸ் என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். இந்தக் கட்டளைகளை உங்களுக்கு உரிய எல்லா எண்களுக்கும் எழுதிவிட்டால் எல்லாச் சன்னல்களும் ஒரே நேரத்தில் மாறும். புதிதாகத் திறக்கும் சன்னலுக்கு இது போய்ச் சேராது. அதற்காகத்தான் அமைப்புக் கோப்பையும் எழுதுகிறோம்.

எடிட்டருக்கு, சன்னல் மறுபடி கவனத்துக்கு வரும்போது தீமை மீண்டும் ஏற்றச் சொல்லி ஃபோகஸ்-கெயின்ட் நிகழ்வில் ஒரு தானியங்கிக் கட்டளை எழுதுங்கள். டீமக்ஸில் ஃபோகஸ்-ஈவென்ட்ஸ் அமைப்பை இயக்கினால்தான் அந்த நிகழ்வு உள்ளே வரும்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கடினம். ஒரே ஒளிர்வில் எல்லா நிறமும் வைத்த தீமில் கிட் காட்டும் மாற்றங்களைப் பார்க்கவே முடியவில்லை.
— வாசகர், திருநெல்வேலி

ஒளிர்வு சமமாக இருந்தால் இரண்டு நிறங்களையும் பிரிப்பது சாயல் மட்டும்தான். சாயலைப் பிரிக்கக் கடினப்படும் கண்ணுக்கு எதுவுமே மிஞ்சாது. எனவே மேலே சொன்ன 0.75 என்ற சம ஒளிர்வை உங்களுக்கு உடைக்க வேண்டும். சிவப்பை 0.68-க்கு இறக்குங்கள், பச்சையை 0.82-க்கு ஏற்றி அதன் கோணத்தை 145-இலிருந்து 165-க்குச் சயான் பக்கம் நகர்த்துங்கள். சிவப்பை 40-க்கு, ஆரஞ்சு பக்கம் நகர்த்தலாம். கறுப்பு வெள்ளையில் திரைப்பிடிப்பு எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டும் வேறாகத் தெரிந்தால் திரையிலும் தெரியும்.

கிட்டை மட்டும் மாற்றினால் போதும் என்றால், சேர்த்த வரியின் நிறத்தை நீலம் என்று கிட்டின் அமைப்பிலேயே வைக்கலாம். நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலான சிவப்பு–பச்சைக் குறைபாட்டினருக்கு நன்றாகப் பிரியும். எடிட்டரில் சேர்த்த, நீக்கிய வரிகளுக்கு எழுத்து நிறத்தை மாற்றாமல் பின்னணியை மாற்றுங்கள்: ஒளிர்வு 0.30, செறிவு 0.05, கோணங்கள் 255-உம் 40-உம். வரியின் ஓரத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் தெரியும்படி அமைப்பது அதைவிடவும் நம்பகமானது.

குறிப்புரைகளைத் தமிழில் எழுதுகிறேன். தீமில் குறிப்புரை சாய்வெழுத்தாக வருவதால் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன.
— ஆசிரியை, தஞ்சாவூர்

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் இல்லை. மென்பொருளே நேர் எழுத்தைச் சாய்த்துக் காட்டுகிறது. ட, ப போன்ற நிமிர்ந்த கோடுகள் கொண்ட எழுத்துகளும் கொம்புகளும் அதில் பக்கத்து எழுத்தின் மேல் சரிகின்றன. வார்ப்புருவில் குறிப்புரைக் குழுவின் சாய்வை எடுத்துவிடுங்கள். அதன் ஒளிர்வை 0.62-இலிருந்து 0.66-க்கு ஏற்றுங்கள். சிறிய அளவில் சுழிகளும் வளைவுகளும் நெருங்கிவிடும் தமிழ் எழுத்துக்கு அந்தக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது.